பழைய அளவியில் ஒரு கோடு என்பது எவ்வளவு?

கும்பகோணத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் என்னிடம், சென்ற ஐப்பசி அடைமழையில், திருவையாற்று இளைஞர் ஒருவர் தம் தாத்தாவின் பெட்டியில் கிடந்த, தடிமன் அளக்கும் பழைய அளவியைக் கொண்டுவந்தார். "இதை எப்படிப் பார்ப்பது ஐயா?" என்று கேட்டார். எட்டு என்ற எண்ணைப் போன்ற உருவம். நடுவில் இணைந்த இரு கைகள். ஒரு முனையில் மெல்லிய அலகுகள், மறுமுனையில் வில்லாக வளைந்த அளவுகோல். அலகுகள் மயிரிழை விரிந்தாலும், நீண்ட கை அதைப் பல மடங்காக்கிக் காட்டிவிடும்.

பிடிப்பதில் சிரமமில்லை, கோட்டின் கணக்கில்தான் ஏமாறுவோம். ஒரே உருவில் இருவகை அளவிகள் உண்டு. ஒன்றில் ஒரு கோடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மற்றொன்றில் அது 'தூசியெம்', அதாவது லீன் என்னும் பழைய பிரெஞ்சு அளவில் பன்னிரண்டில் ஒன்று. ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மில்லிமீட்டர்; ஆகவே ஒரு தூசியெம் சுமார் 0.188 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரு மடங்கு. கடிகார இயந்திரத்தின் குறுக்களவை இன்றும் லீனில் சொல்கிறோம் என்பதால், இது செத்த கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஆண்கள் கடிகாரம் ஒன்றின் மெயின் ஸ்பிரிங் (கடிகாரத்தை ஓட்டும் சுருள் நாடா) அகலத்தை இப்படியொரு அளவியால்தான் அளந்தேன். அளவியின் முள் 8-இல் நின்றது, 0.8 மில்லிமீட்டர் என்று எழுதி வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது, அது பெண்கள் கடிகாரத்துக்கான நாடா. வேண்டியிருந்தது 1.5 மில்லிமீட்டர்; அளவி தூசியெம் வகை. பழையதைக் கண்ணால் பார்த்தபோதே உறுத்தியது. கருவி சொன்னதால் கண்ணை நம்பவில்லை.

ஆகவே, முதலில் தடிமன் தெரிந்த ஒரு பொருளை அலகில் வைத்துப் பாருங்கள். டிஜிட்டல் காலிபரில் 3 மில்லிமீட்டர் என்று சரிபார்த்த டிரில் பிட்டின் தண்டு போதும். முள் 30-இல் நின்றால் மில்லிமீட்டர்க் கணக்கு. 16-ஐ ஒட்டி நின்றால் தூசியெம். அதற்கும் முன், அலகுகள் மூடியிருக்கையில் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிவட் (சக்கர அச்சின் நுனி) போன்ற நுண்ணிய முனைகளை இதில் அளக்கவே கூடாது. அளவின் நுட்பமும் போதாது, முனையும் கீறிப்போகும்.

இளைஞர் கொண்டுவந்ததில் முள் சுழியத்தைத் தாண்டி ஒன்றரைக் கோட்டில் நின்றது. காவிரிக்கரை ஈரத்தில் அலகுகளின் உட்புறம் துருவேறியிருந்தது. பெட்ரோலில் ஊறவைத்து, மரக்குச்சியால் துருவை நீக்கியபின் முள் சுழியத்துக்கு வந்தது. டிரில் தண்டை வைத்தபோது 16-இல் நின்றது. "1 கோடு = 0.188" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.