அடிபட்டது நீங்கதான்னு என்ன ஆதாரம்? ஏஆர் காப்பில தொடங்குற தலைவலி

"அந்த விபத்தில் காயம்பட்டது நீங்கள் இல்லை, வேறு ஒரு நபர் என்று சொன்னால் சரியா?"

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் க்ராஸ்ல (குறுக்கு விசாரணைல) இந்தக் கேள்விய கேக்கும்போது கூண்டுல நிக்கிறவர் முகத்தப் பாக்கணும். காலுக்குள்ள ராடு, கக்கத்துல கட்டை, ஒன்றரை வருஷமா வேலை இல்ல, அவர்ட்ட போய் அடிபட்டது நீ இல்லன்னா என்ன பண்ணுவார். என் கட்சிக்காரர் ஒருத்தர் பதிலே சொல்லாம லுங்கிய முழங்காலுக்கு மேல தூக்கிக் காட்டிட்டார். கோர்ட்ல சிரிப்பு, நீதிபதியும் சிரிச்சிட்டு, வாயால சொல்லுங்க மேஸ்திரின்னார், "சரியல்ல"ன்னு பதிவாச்சு. ஆனா தழும்பக் காட்டினா அடிபட்டிருக்குன்னு தெரியும், இந்த எஃப்ஐஆர்ல இருக்குற விபத்துல அடிபட்டதான்னு தெரியாதில்ல, கேள்வியே அதுதான்.

எம்சிஓபி கேஸ் (வாகன விபத்து இழப்பீட்டு மனு) நடத்தி நடத்தி எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயத்த சொல்றேன். இறந்தவங்க கேஸ்ல வாரிசு சான்று, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், அதுல யாரு என்னன்னு போலீஸே விசாரிச்சு எழுதிருவாங்க. காயம்பட்டவர் உயிரோட இருக்குற கேஸ்லதான் இந்த அடையாளப் பிரச்சனை அதிகம் வருது, ஏன்னா ஆள்தான் இருக்காரே அப்புறம் என்னன்னு யாரும் அத கண்டுக்கறதில்ல. நம்ம பேரு, வயசு, அப்பா பேரு இதெல்லாம் முதல்ல பேப்பர்ல ஏறுறது நாம மயங்கிக் கிடக்கும்போது, முன்னபின்ன தெரியாத ஒருத்தர் வாயால. அது நடக்குற இடம் கேஷுவால்டி, ஏறுற பேப்பர் அங்க டாக்டர் எழுதுற ஏஆர், அதாவது விபத்துப் பதிவேடு (ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டர்).

மேல சொன்ன மேஸ்திரி கதையே போதும். பேரு மாத்திதான் சொல்றேன். ஹைவேல பைக்ல போனவர பின்னாடி வந்த லோடு வேன் தட்டிருச்சு. 108 வந்துச்சு, கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன் ஏறிக்கிட்டான். பக்கத்து ஜிஹெச்ல டூட்டி டாக்டர் பேரென்னன்னு கேக்க, பையனுக்குத் தெரிஞ்சது "மணி மேஸ்திரி". வயசு? "ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும் சார்". அப்பா பேரு தெரியாது. ஏஆர் ரெடி: மணி, 45, ஆண். அதே பையன் ஸ்டேஷன்ல புகார் குடுக்க எஃப்ஐஆர்லயும் அதே மணி. மறுநாள் மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் பண்ணாங்க, அங்க அவர் சம்சாரம் "சுப்ரமணி"ன்னு சொல்லியிருக்கு, வயசு 40ன்னு போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ப்ளேட் வைக்க ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்க ஆதார் கேட்டாங்க, அதுல "சுப்பிரமணியன்". ஒரே காலு, ஒரே முறிவு, மூணு பேரு, மூணு வயசு. (நிஜ வயசு 38.)

இன்சூரன்ஸ் கம்பெனி கவுன்டர்ல (பதில் மனுவுல) ஒரு வரி கண்டிப்பா இருக்கும், மனுதாரர்தான் விபத்தில் காயம்பட்ட நபர் என்பதை தக்க ஆவணங்கள் மூலம் நிரூபிக்கக் கடமைப்பட்டவர். எல்லா கவுன்டர்லயும் இருக்குற டெம்ப்ளேட் வரிதான். அதுக்காக அவங்கள திட்டவும் மாட்டேன். வீட்டு மாடிப்படில விழுந்தவர ரோடு ஆக்சிடெண்ட் ஆக்குறது, ஒருத்தர் எக்ஸ்ரேவ இன்னொருத்தர் கேஸ்ல வைக்கிறது எல்லாம் நடக்குது, உத்தரப்பிரதேசத்துல போலி க்ளெய்ம் குவிஞ்சு போய் 2015ல அலகாபாத் ஹைகோர்ட்டே எஸ்ஐடி (சிறப்புப் புலனாய்வுக் குழு) போடச் சொல்ற நிலைமை வந்துச்சு. என் ஆபீஸுக்கும் அப்படி ஆளுங்க வந்திருக்காங்க, டீ குடுத்து அனுப்பிருக்கேன். பிரச்சனை என்னன்னா போலிக்காரன் பேப்பர் பக்காவா இருக்கும், நிஜமா அடிபட்டவன் பேப்பர்தான் இப்படி கந்தலா இருக்கும்.

சரி மேஸ்திரி கேஸ்ல என்ன பண்ணோம். மனுவுல பேர "சுப்பிரமணியன் (எ) மணி"ன்னு போட்டேன். இது முதல் வேலை, ஆனா இது ஆதாரம் ஆகாது, என்கிற-ன்னு யாரு வேணா போட்டுக்கலாம். அப்புறம் சங்கிலி கோக்குற வேலை. ஜிஹெச் ரெஃபரல் சீட்டுல ஏஆர் நம்பர் இருந்துச்சு, மெடிக்கல் காலேஜ் கேஸ் ஷீட்ல எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து எந்த தேதி எத்தன மணிக்கு வந்தார்னு இருந்துச்சு, டிஸ்சார்ஜ் சம்மரில ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), தனியார் ஆஸ்பத்திரி ரெக்கார்டுல முந்தின டிஸ்சார்ஜ் சம்மரி பாத்ததா ஒரு குறிப்பு. பேரு ஒட்டாட்டியும் நம்பரும் தேதியும் ஒட்டுது பாருங்க, அதான் வேணும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் ஆளுக்கு சம்மன் போட்டு ஒரிஜினல் கேஸ் ஷீட்டோட வரவச்சு சாட்சி சொல்ல வச்சோம். 108ல அவங்களே ஒரு நோயாளி பதிவு எழுதுவாங்க, எங்க ஏத்தினோம் எங்க இறக்கினோம்னு, அதையும் கேட்டு வாங்கலாம், நிறைய பேர் அத யோசிக்கறதே இல்ல.

ஆனா கேஸ நிமித்தினது இது எதுவும் இல்ல, ஏஆர்ல கீழ ரெண்டு வரி. "அங்க அடையாளம்"னு ஒரு கட்டம் இருக்கும், பாதி ஏஆர்ல டாக்டர் அவசரத்துல எதையாச்சும் கிறுக்கிருப்பார். இவர் மயக்கத்துல வந்ததால அந்த டாக்டர் (யாரோ, நல்லா இருக்கணும்) நிதானமா எழுதியிருந்தார்: வலது முழங்கைக்கு மேல வெளிப்பக்கம் ஒரு கருப்பு மச்சம், தாடைக்கு அடில ஒரு பழைய தழும்பு. நான் மேஸ்திரிய பள்ளிக்கூட டிசி கொண்டாங்கன்னேன், எட்டாவதோட நின்னவர், ஊருக்குப் போய் ட்ரங்குப்பெட்டிய கிளறி மடிப்புல கிழிஞ்சு போன ஒரு டிசிய கொண்டுவந்தார். நம்ம ஊர் டிசில மச்ச அடையாளம் போடுவாங்கல்ல, அதுல முதல் அடையாளம், வலது கை முழங்கைக்கு மேல் ஒரு மச்சம். தாடைத் தழும்பு டிசில இல்ல, அது பின்னாடி சாரம் சரிஞ்சு வந்ததாம். அதனால என்ன, டிசில பேரு சுப்பிரமணியன், அப்பா பேரு இருக்கு, பிறந்த தேதி இருக்கு. ஏஆர்ல இருக்குற "மணி"க்கும் டிசில இருக்குற சுப்பிரமணியனுக்கும் நடுவுல அந்த மச்சம்தான் பாலம்.

ஏஆர், டிசி ரெண்டையும் ஆவணமா மார்க் பண்ணிட்டு, சட்டைக்கையை மடக்கச் சொன்னோம். நீதிபதி பாத்தார், கம்பெனி வக்கீலும் எழுந்து வந்து கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பாத்தார். மனுதாரரின் வலது கையில் மச்சம் இருப்பதை நீதிமன்றம் பார்வையிட்டதுன்னு பதிவாச்சு. அதுக்கப்புறம் கம்பெனி வக்கீல் அடையாளத்தப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல, நேரா டிசெபிலிட்டிக்குப் போயிட்டார்.

இங்க ஒண்ணு சொல்லணும். விபத்து க்ளெய்ம்ல கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கிடையாது, எது அதிகம் நடந்திருக்க வாய்ப்புன்னு பாத்தா போதும்னு சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 169வது பிரிவும் சுருக்க முறையில விசாரிக்கலாம்னுதான் சொல்லுது. அதனால பேரு மாறியிருக்கேன்னு பயந்து கேஸ விட்டுறாதீங்க. பேரு மாறினத விளக்கணும், அவ்வளவுதான்.

விளக்கணும்னு சொன்னேன், திருத்தணும்னு சொல்லல. இன்னொரு கேஸ், என்கிட்ட லேட்டா வந்தது. யாரோ புத்தி சொல்லி, ஆஸ்பத்திரில ஆளப் புடிச்சு ஏஆர்ல பேர அடிச்சு மேல எழுதி வாங்கிட்டாங்க. கம்பெனி இன்வெஸ்டிகேட்டர் அதுக்கு முன்னாடியே போய் பழைய காப்பிய வாங்கி வச்சிருக்கார். க்ராஸ்ல ரெண்டு காப்பியும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, முடிஞ்சது கதை. அந்த மனுஷன் நிஜமாவே அடிபட்டவர்தான், அதுதான் கொடுமை. மனு தள்ளுபடி, இப்ப அப்பீல்ல கிடக்கு.

ஆஸ்பத்திரில இருக்கும்போதே செய்யக்கூடியது நேர்மையான வழிலயே இருக்கு. நினைவு வந்ததும், இல்ல வீட்டு ஆளுங்க வந்ததும், வார்டுல சொல்லி கேஸ் ஷீட்ல அன்னைய தேதி போட்டு ஒரு புது பதிவா எழுதச் சொல்லுங்க, நோயாளி பேரு இது, கூப்பிடுற பேரு இது, ஆதார் பாத்தோம்னு, பழசு அப்படியே இருக்கட்டும். அதே மாதிரி எஃப்ஐஆர்ல பேர அழிச்சு எழுத முடியாது, ஆனா ஐஓ (விசாரணை அதிகாரி) உங்க வாக்குமூலம் வாங்க வருவார், (முன்னாடி 161 ஸ்டேட்மென்ட்னு சொல்வோம், 2024 ஜூலைலேர்ந்து புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 180) அதுல முழுப்பேரு, அப்பா பேரு, வீட்டுல கூப்பிடுற பேரு மூணும் சொல்லுங்க. சார்ஜ் ஷீட்ல சாட்சி பட்டியல்ல சரியான பேரு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சது. ஏட்டு ஏதோ எழுதினார் நான் கையெழுத்து போட்டேன்னு மட்டும் பின்னாடி வந்து சொல்லாதீங்க.

2022 ஏப்ரல்லேர்ந்து இன்னொரு சங்கதி. விபத்து நடந்து 48 மணி நேரத்துல போலீஸ் முதல் விபத்து அறிக்கைய ட்ரிப்யூனலுக்கு (இழப்பீட்டு மனுவ விசாரிக்கிற கோர்ட்டுக்கு) அனுப்பணும், 90 நாள்ல விரிவான அறிக்கை. தப்பான பேரும் அதே வேகத்துல கோர்ட்டுக்கு போயிரும். நடுவுல காயம்பட்டவர் பூர்த்தி பண்ணிக் குடுக்க வேண்டிய ஃபாரம் 6 இருக்கு, அத குடுத்தா வாங்கி ஓரமா வச்சிராம பேரு வயசு விவரத்த நிதானமா நிரப்பிக் குடுங்க. அதே தேதிலேர்ந்துதான் மனு போட ஆறு மாசம்னு கெடுவும் வந்துச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 166(3). பேர சரி பண்ணிட்டு போடலாம்னு உக்காந்திருக்காதீங்க, எஃப்ஐஆர்ல இருக்குற பேரோட (எ) சேத்து முதல்ல போட்டுருங்க.

வயசு விஷயம் தனி. ஆதார் இருக்கே சார்னு எல்லாரும் சொல்றாங்க. ஆதார் நீங்க யாருன்னு காட்டும், பிறந்த தேதிக்கு ஆதாரமா அத எடுத்துக்க முடியாதுன்னு 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு விபத்து கேஸ்லயே சொல்லிருச்சு, அதுல ஆதார்ல 1969 ஜனவரி 1, பள்ளிச் சான்றிதழ்ல 1970 அக்டோபர் 7, பள்ளிச் சான்றிதழதான் எடுத்துக்கிட்டாங்க. ஜனவரி 1 தேதிய பாத்தாலே தெரியும், நம்ம ஊர்லயும் பாதிப் பெரியவங்க ஆதார்ல அன்னைக்குத்தான் பொறந்திருப்பாங்க.

ஏன் வயசுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுன்னா, மேஸ்திரி கணக்கையே பாருங்க. மாச வருமானம் 15,000, வேலை பாக்குற திறன்ல 40 சதவீதம் போச்சுன்னு வைங்க. 38 வயசுன்னா எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேப்பாங்க, சுப்ரீம் கோர்ட்டோட சரளா வர்மா தீர்ப்பு டேபிள்படி மல்டிப்ளையர் (வருஷ இழப்ப பெருக்குற எண்) 15, மொத்தம் 15,12,000. ஏஆர்ல போட்ட 45ன்னா சேக்கறது 25 சதவீதம்தான், மல்டிப்ளையர் 14, அப்ப 12,60,000. கூட வந்த பையன் "ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும்"னு சொன்னதோட விலை ரெண்டரை லட்சம்.

பொம்பளைங்க கேஸ்ல இனிஷியல். பள்ளிச் சான்றிதழ்ல அப்பா இனிஷியல், ரேஷன் கார்டுல புருஷன் பேரு, ஆதார்ல இனிஷியலே இல்லாம பேரு மட்டும். இதுக்கு கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் பதிவு, பிள்ளைங்க பிறப்புச் சான்றுன்னு சேத்து வச்சா எந்த நீதிபதியும் ஏத்துக்குவார், இது நம்ம ஊர் வழக்கம்னு அவங்களுக்கே தெரியும். கெஸட்ல பேரு மாத்தினா சரியாயிடுமான்னு கேக்கறாங்க, அது இனிமே இந்தப் பேருன்னு சொல்லும், அன்னைக்கு அடிபட்டது நீங்கதான்னு சொல்லாது.

வடமாநிலத் தொழிலாளிங்க நிலைமைதான் ரொம்ப மோசம். திருப்பூர் பக்கம் இந்த மாதிரி கேஸ் நிறைய. சூப்பர்வைசர் சொல்ற பேர போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் காதுல விழுந்தபடி தமிழ்ல எழுதுவார், தமிழ்ல ப ஒண்ணுதான், த ஒண்ணுதான், அத திரும்ப இங்கிலீஷ்ல மாத்தும்போது வேற ஆளா ஆயிடுவான். பிரசாத் எது பர்சாத் எதுன்னு கோர்ட்ல அரை நாள் போகும். இவங்களுக்கு கம்பெனி வருகைப் பதிவேடு, ஈஎஸ்ஐ நம்பர், ஊர்லேர்ந்து வந்த ரயில் டிக்கெட் வரைக்கும் எடுத்து வைக்கச் சொல்லுவேன். 2021 டிசம்பர்ல வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேரம் வெளி மாநிலத்துக்காரருக்கும் இலவச சிகிச்சை உண்டு, அதுல சேந்திருந்தா அந்தப் பதிவும் ஒரு கண்ணி.

போட்டோ எடுங்க. கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது, முகம் தெரியுற மாதிரி, கேஸ் ஷீட்டும் தெரியுற மாதிரி, ஃபோன்லயே போதும். வீட்ல சில பேர் அபசகுனம்னு விடமாட்டாங்க, மேஸ்திரி சம்சாரமும் அப்படித்தான், "அய்யா, அத எதுக்கு படம் புடிச்சிக்கிட்டு"ன்னுச்சு. அந்த ஃபோன மட்டும் மாத்திராதீங்க, கோர்ட்ல காட்டும்போது மின்னணு ஆவணத்துக்குன்னு ஒரு சான்று குடுக்கணும், ஃபோன் இருந்தா வேலை சுலபம்.

தீர்ப்பு வந்த பிறகும் பேரு விடாது. இப்ப பணம் நேரா மனுதாரர் பேங்க் கணக்குக்குப் போற மாதிரிதான் செய்யச் சொல்லியிருக்காங்க. தீர்ப்புல "சுப்பிரமணியன் (எ) மணி", பாஸ்புக்ல வேற ஸ்பெல்லிங், முன்னாடி ஒரு இனிஷியல். நான்தான் மனு போடும்போதே பாஸ்புக்கயும் வாங்கிப் பாத்திருக்கணும், பாக்கல, என் தப்பு. பேங்க்ல திருத்தி, கோர்ட்ல ஒரு மெமோ போட்டு, பணம் வர இன்னும் ரெண்டு மாசம் இழுத்துச்சு. அந்த ரெண்டு மாசமும் வாராவாரம் ஃபோன் வரும், எடுத்ததும் "சார், நான் மணி பேசுறேன்".