கல்லடிக் கடலில் சூரியன் மறைவதில்லை: படத்துக்கு நீர் தேடுவோர் கவனத்துக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்று கலியாண அல்பமானாலும் பூப்புனித நீராட்டு விழா அல்பமானாலும், விரித்துப் பார்த்தால் ஓரிரு பக்கங்களிலாவது கடலோ வாவியோ அருவியோ பின்னணியாக இருக்கும். அவற்றில் பல, ஆட்களை ஸ்ரூடியோவிலோ வீட்டு முற்றத்திலோ எடுத்து, இணையத்தில் கிடைத்த நீர்ப்படமொன்றைப் பின்னால் இணைத்து உருவாக்கப்பட்டவை. இந்த முறையில் தவறு எதுவுமில்லை. வாடை மழை விடாமல் பெய்யும் மாதங்களிலும், நடக்க முடியாத பெரியவர்களைக் கடற்கரை மணலுக்கு அழைத்துச் செல்ல இயலாதபோதும் அது குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனால், மாலை வரவேற்பு உடையில் நிற்கும் மணமக்களுக்குப் பின்னால் கல்லடிக் கடலுக்குள் சூரியன் இறங்குவதாக ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தால், நமது கடல் கிழக்கில் இருக்கிறது, மாலைச் சூரியன் மறைவது வாவிப் பக்கம் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ஊரவர் ஒருவர்கூட அந்தப் படத்தை நம்பமாட்டார்.

ஒரு நீர்ப்படம் அழகானதா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்றே நான் கருதுகிறேன். அந்த ஆட்களுக்குப் பின்னால், அந்த ஒளியில், அந்தக் கெமரா நின்ற உயரத்தில் இந்த நீர் உண்மையாகவே இருந்திருக்க முடியுமா என்பதை முதலிலும், இதை எடுத்தாள நமக்கு உரிமை இருக்கிறதா என்பதை அடுத்தும் கேட்க வேண்டும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மிக அதிகமான படங்கள் இங்கேதான் கெடுகின்றன. சமமான தரையில் நிற்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது, கெமரா எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் கடலின் தொடுவானம் அவரது உடலைக் கடந்து செல்லும். 1.5 மீற்றர் உயரத்தில் கெமராவைப் பிடித்திருந்தால், தொடுவானக் கோடு சராசரி உயரமுள்ளவரின் கழுத்தையும் தோளையும் அண்டி வரவேண்டும். அவர் அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும் இது மாறாது. ஆட்களைக் கண்மட்டத்தில் எடுத்துவிட்டு, தொடுவானத்தை அவர்களது முழங்காலுக்கு நேரே வைத்தால், அவர்கள் கடலுக்கு மேலே மிதக்கும் பூதவுருவங்களாகத் தெரிவார்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் ஏற்றுக்கொள்ளாது. எனவே தேடுவதற்கு முன்பே உங்கள் படத்தில் தொடுவானம் எங்கே விழும் என்று ஒரு கோடு வரைந்துவிடுங்கள். நீர்ப்படத்திலும் சிற்றலைகள் எவ்வளவு நெருக்கமாகப் படுத்திருக்கின்றன என்று கவனியுங்கள். தாழ்வாக நின்று எடுத்த நீரில் அலைகள் மெல்லிய கோடுகளாக ஒடுங்கியிருக்கும். பாலத்தின் மேலோ ட்ரோனிலோ இருந்து எடுத்ததில் அகலமாக விரிந்திருக்கும். இவ்விரண்டையும் எந்த மென்பொருளாலும் ஒன்றாக்க இயலாது.

அடுத்தது ஒளி. நீரின் மேல் பளபளக்கும் ஒளிப்பாதை எப்போதும் சூரியனுக்குக் கீழிருந்து கெமராவை நோக்கியே வரும். அந்தப் பாதையுள்ள படத்தைப் பின்னணியாகத் தேர்ந்தால் சூரியன் ஆட்களுக்குப் பின்னால் நிற்கிறது என்று பொருள். அப்படியானால் தலைமுடியின் ஓரத்திலும் தோளிலும் விளிம்பொளி இருந்தாக வேண்டும். முன்னாலிருந்து மட்டும் சொஃப்ட்பொக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கு) அடித்த முகத்துக்கு அந்த நீர் பொருந்தாது. மூடிய வானத்தின் கீழ் எடுத்த, பளபளப்பில்லாத நீரே அதற்கு நல்லது. மேலும், நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் குறைவான தூரத்தில். ஏப்ரல் முற்பகுதியிலும், ஆகஸ்ட் இறுதி தொடக்கம் செப்டெம்பர் தொடக்கம் வரையான நாட்களிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. பிறர் பயன்படுத்துவதற்கென ஆயத்தப் படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்டொக் தளங்களில் நிறைந்திருக்கும் வட ஐரோப்பிய ஏரிப் படங்களிலோ, குளிர்கால நண்பகலிலும் ஒளி தாழ்வாகச் சாய்ந்தே விழுகிறது. நமது மதிய வெயிலில் எடுத்த படத்தோடு அவற்றைச் சேர்க்கும்போது வரும் ஒட்டாமைக்குக் காரணம் நிறமல்ல, கோணம்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. நீரை நேர்கீழாகப் பார்க்கும்போது அது விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது, ஆகவே காலடியில் நீரின் அடித்தளமும் கலங்கலும் தெரிகின்றன. தொலைவில் பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடி, நீர் வானத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்கிறது. வானத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய நீரை விட்டுவைப்பது இதனால்தான் பொய்யாகத் தெரிகிறது. போட்டோஷொப்பில் 2020 இல் வந்த வான மாற்று வசதி வானத்தைப் புதிதாக்குமே தவிர, கீழேயுள்ள நீரில் அதன் பிரதிபலிப்பை வரைந்து தராது. அந்த வேலை நமக்கே. அதேபோல் மாலைதீவுப் படங்களின் நீலப்பச்சை, ஆழமற்ற நீருக்குள் கிடக்கும் வெண்பவள மணலிலிருந்து வருவது. பாசிக்குடாவின் ஆழமற்ற நீரோடு அதை ஓரளவு இசைவிக்கலாம். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலோடு பச்சையும் மண்ணிறமுமாகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கு அதைப் பூசுவது, வாவியையே அழித்துவிடுவதாகும்.

தேடும்போது ‘வோட்டர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ‘லகூன்’, ‘ரிப்பிள்’, ‘ஒவர்காஸ்ட்’, ‘லோ ஆங்கிள்’ என்று நீரின் நிலையையும் ஒளியையும் கோணத்தையும் சொல்லித் தேடினால், பயன்படக்கூடிய படங்கள் முன்னால் வரும். காற்றையும் பாருங்கள்: அலைகளில் அடுத்தடுத்து வெண்ணுரை தெரிவதற்கு மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் காற்று வீசவேண்டும்; அத்தகைய கடலுக்கு முன்னால் சேலை முந்தானை அசையாமல் தொங்கக்கூடாது. அமைதியான ஏரிப் படங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. கரையை வெட்டியெடுத்த பின்பும், நீருக்குள் பைன் மரங்களின் நிழலுருவம் தங்கிவிடும். தென்னைக்கும் கண்டலுக்கும் பழகிய கண் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

அளவைப் பொறுத்தவரை, 12க்கு 36 அங்குல அல்ப விரிப்பை (எதிரெதிரான இரு பக்கங்களும் சேர்ந்த அளவை) அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட 10,800க்கு 3,600 பிக்சல் தேவை. 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தை அதில் முழு அகலத்துக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 167 புள்ளிகள் அளவே மிஞ்சும். குவியத்துக்கு வெளியே மங்கிக் கிடக்கும் தொலைநீருக்கு அது போதும், காலடி நீருக்குப் போதாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஒருபோதும் மூலமாகக் கொள்ளாதீர்கள்.

ஆட்கள் நீரைத் தொட்டு நிற்கும் காட்சியானால் வேலை பலமடங்கு கூடும். பிரதிபலிப்பு என்பது ஆளைத் தலைகீழாகப் புரட்டி வைப்பது அல்ல. நீர் காட்டுவது, நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் தெரியும் உருவத்தை. பழைய கல்லடிப் பாலத்தின் மேற்புறத்தைக் கெமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீரில் அதன் அடிப்புறம் தெரிவது இதனால்தான். கரையிலிருந்து பின்தள்ளி நிற்பவரின் கால்கள் நீரில் தெரியாமல் கரைமேடு மறைத்துவிடும். சிற்றலை இருந்தால் பிரதிபலிப்பு மேலும் கீழுமாக நீளும். இவற்றுக்கு மேல், நீர் தொட்ட துணியின் ஓரம் இருண்டு ஒட்டியிருக்க வேண்டும், காலைச் சுற்றி வளையங்கள் எழவேண்டும். உலர்ந்த வேட்டியோடு எடுத்த மாப்பிள்ளையை முழங்கால் நீரில் இறக்குவதைவிட, ஈரமணலில் நிறுத்தி ஒரு மங்கலான நிழலைக் கொடுப்பது நேர்மையானதும் அழகானதுமாகும்.

இனி உரிமை. இதைச் சொல்வதற்காகவே எழுதத் தொடங்கினேன் என்றும் கூறலாம். கூகுளில் தெரிகிறது என்பது அனுமதி அல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், புகைப்படத்துக்குரிய பதிப்புரிமை அது எடுக்கப்பட்ட கணத்திலேயே பிறந்துவிடுகிறது; பதிவு எதுவும் தேவையில்லை; படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின்னரும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. நமது படத்தை இன்னொருவர் முகநூலிலிருந்து எடுத்துப் பெயரை அழித்துப் போட்டால் நமக்கு எவ்வளவு வலிக்குமோ, பெயர் தெரியாத அந்தக் கடற்படக்காரருக்கும் அவ்வளவே வலிக்கும்.

அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சபே ஆகிய தளங்களின் உரிமங்கள் வணிக வேலைகளுக்கும் இலவசப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. பெயர் குறிப்பிடுவது கட்டாயமில்லை. ஆனால் மாற்றமெதுவும் செய்யாமல் அந்தப் படத்தையே விற்க அனுமதியில்லை. விக்கிமீடியா கொமன்ஸிலும் பிளிக்கரிலும் கிரியேட்டிவ் கொமன்ஸ் (படைத்தவரே நிபந்தனைகளோடு பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி தரும்) உரிமத்தின் வகையைப் படத்துக்குப் படம் பார்க்கவேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் இருந்தால், பணம் வாங்கிச் செய்யும் அல்பத்துக்கு அது உதவாது. மாற்றம் செய்து பகிர்வதைத் தடுக்கும் உரிமம் நமது தொழிலுக்கே உதவாது, ஏனெனில் இணைத்துச் செய்யும் படம் முழுவதும் மாற்றமே. அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்று கேட்கும் வகையில், நாம் உருவாக்கிய கலியாணப் படத்தை வெளியிட்டால் அதையும் பிறர் எடுத்தாளும்படி திறந்துவிட நேரும். எந்தக் குடும்பமும் அதை விரும்பாது. ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக் போன்ற கட்டணத் தளங்களில் சாதாரண உரிமமே ஓர் அல்பத்துக்குப் போதும். விற்பனைக்கான நாட்காட்டியோ வாழ்த்தட்டையோ என்றால் விரிவான உரிமம் வேண்டும். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்த படங்களைத் தொடவேண்டாம். ஐயமிருந்தால் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தை இட்டு, முதலில் எங்கே வெளியானது என்று தேடுங்கள். உரிமங்கள் மாறவும் கூடும்: அன்ஸ்பிளாஷ் 2017 இல் தனது உரிமத்தை மாற்றிக்கொண்டது. தரவிறக்கிய நாளிலேயே உரிமப் பக்கத்தையும் சேமித்து, அந்த வேலையின் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள்.

நமது மாவட்டங்களுக்கென்று இன்னுமொன்றைச் சொல்லியாகவேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் எதை எடுத்துச் சென்றது என்பதை நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உயர்ந்தெழும் அலை, ஸ்டொக் தளத்தில் பிரமாண்டமான பின்னணியாகத் தெரியலாம். குடும்பப் படத்தில் அதை வைக்குமுன் அந்தக் குடும்பத்தைக் கேட்டறியுங்கள். வெள்ள காலங்களில், வேறெங்கோ எடுத்த நீரை நமது தெருக்களில் சேர்த்துப் பகிர்வதை அறவே தவிர்க்கவேண்டும். 2011 ஜனவரியைப் போன்றதொரு வெள்ளத்தில் எந்த வீதி மூழ்கியது, எது திறந்திருக்கிறது என்று மக்கள் கைப்பேசியைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். அங்கே ஒரு பொய்ப்படம் ஆளைத் தவறான பாதையில் அனுப்பிவிடும்.

இத்தனை தேடலையும் குறைக்கும் வழி நம் வாசலிலேயே இருக்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் வாவி, முகத்துவாரம், பாசிக்குடா, உன்னிச்சைக் குளம், சேனநாயக்க சமுத்திரம், அறுகம்பை என்று ஒரு நாட்டுக்கே போதுமான நீர்வகை இந்த இரு மாவட்டங்களில் உண்டு. வேறு வேலைக்குப் போகும் வழியிலும் சில நிமிடம் நின்று, ஆளில்லாத நீரை ரோ வடிவில் (கெமரா பதிந்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக) எடுத்துவையுங்கள்: முழங்கால் உயரத்தில் ஒன்று, கண்மட்டத்தில் ஒன்று, எதிரொளியில் ஒன்று, பக்கவொளியில் ஒன்று. கோப்பின் பெயரிலேயே இடம், நேரம், கெமரா நோக்கிய திசை, உயரம், லென்ஸின் குவியத்தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். நீர்த்தெறிப்புகளை ஸ்ரூடியோவிலேயே எடுக்கலாம். கறுப்புத் துணியை விரித்து, பக்கவாட்டிலும் பின்னாலும் கெமராவில் பொருத்தும் வகைச் சிறிய ஃபிளாஷை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால், அதன் ஒளித்துடிப்பு மிகக் குறுகியதாகித் துளிகளை உறையவைக்கும்; அந்தப் படத்தைப் போட்டோஷொப்பில் ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையில் மேலே வைத்தால் கறுப்பு மறைந்து தெறிப்பு மட்டும் நிற்கும்.

இரு மாவட்டங்களின் ஸ்ரூடியோக்களும் இவ்வாறு எடுத்த நீர்ப்படங்களை எழுத்துமூல அனுமதியோடு தமக்குள் பகிர்ந்துகொண்டால் மிகவும் நன்று. முதலில் தேவைப்படுவது நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையான மழைக்கால வாவியின் படங்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு அதிகமாகத் தடைப்படுவது அந்த மாதங்களில்தான். மூடிய வானத்தின் கீழ் கிடக்கும் அந்தச் சாம்பல் நிற நீரோ, வெளிநாட்டு ஸ்டொக் தளங்களில் கிடைப்பதில்லை.