பேச்சிழப்பா, மொழியிழப்பா?

வலிப்பு சார்ந்து பிள்ளைகளின் மொழித்திறனைப் பறிக்கும் லாண்டௌ-கிளெஃப்னர் நோய்க்கு ‘ஈட்டிய வலிப்புசார் பேச்சிழப்பு’ என்று தமிழில் பெயர் வைக்கிறார்கள். ஈட்டுவதற்கு இது என்ன காசா, பணமா? பிறவியில் இல்லாமல் பிறகு வந்தது என்பதைத்தான் இந்த அழகில் சொல்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். ‘பேச்சிழப்பு’ செய்யும் கெடுதல்தான் பெரிது.

மூலச்சொல் அஃபேசியா. கிரேக்கத்தில் ‘அ’ என்றால் இல்லை, ‘ஃபாசிஸ்’ என்றால் பேச்சு. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா வைத்த ‘அஃபெமி’ என்ற பெயரைத் தள்ளிவிட்டு 1864இல் இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோ கொண்டுவந்த சொல் இது. வேர்ப்படி பார்த்தால் பேச்சிழப்பு சரிதான். ஆனால் மருத்துவத்தில் அந்தச் சொல் எப்போதோ வேரைத் தாண்டிவிட்டது. பேசுவது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாம் அதில் அடக்கம்.

1957இல் லாண்டௌவும் கிளெஃப்னரும் விவரித்த பிள்ளைகளைப் பாருங்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பிறர் சொல்வது புரியாமல் போகிறது. கூப்பிட்டால் திரும்பாது. காது கேட்கவில்லையோ என்று சோதித்தால் செவி நன்றாகவே இருக்கும். பேச்சு குறைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முதலில் போவது புரிதல். பெயரில் இருப்பதோ பேச்சு! இதைக் கேட்கும் பெற்றோர் நாக்கையும் தொண்டையையும்தானே சந்தேகிப்பார்கள்?

‘வலிப்புவழி மொழியிழப்பு’ என்பதே என் கட்சி. மொழியிழப்பு என்றால் தாய்மொழியை மறந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் நினைவு வரும் என்று ஒரு மறுப்பு உண்டு. வரட்டுமே, முன்னால் ‘வலிப்புவழி’ நிற்கிறதே. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, நோயாளி எப்படி இருப்பார் என்று பார்க்காமலே கலைச்சொல் செய்கிற வழக்கம் எப்போது ஒழியுமோ!

‘வலிப்பு’ மட்டும் பெயரில் இருந்தே ஆக வேண்டும். சில பிள்ளைகளுக்கு வலிப்பு வெளியே தெரிவதே இல்லை. தூக்கத்தில் எடுக்கும் மூளை மின்-அலைப் பதிவில்தான் (இ.இ.ஜி.) மூளையின் மின் கொந்தளிப்பு பிடிபடும். சிகிச்சையும் அந்த மின் கொந்தளிப்பை அடக்குவதில்தான் தொடங்குகிறது: வால்புரோவேட், குளோபசாம், ஸ்டீராய்டு. வழக்கமான வலிப்பு மருந்தான கார்பமசெபின் சிலருக்கு நிலைமையை மோசமாக்கிவிடும். பேச்சுப் பயிற்சி கூடவே வேண்டும், சைகை மொழியும் நன்றாகக் கைகொடுக்கும். வலிப்பு பெரும்பாலும் பதின்பருவத்தில் நின்றுவிடுகிறது; மொழி எல்லாருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை.