கடலுக்குப் போகும் லேப்டாப்பை முதலில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோங்கள்

சேலத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் வணிகக் கப்பல்களில் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசராக வேலை பார்த்தேன். ரேடார், ஜிபிஎஸ், மின்னணுக் கடல் வரைபடம் காட்டும் எக்டிஸ் எல்லாம் என் கையில்தான் இருந்தன. அந்தப் பழக்கத்தில் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். கடலே இல்லாத ஊரில் இது என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். நம் நாட்டின் கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகமே இமயமலை அடிவாரத்தில், டேராடூனில்தான் இருக்கிறது.

வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, பழைய லேப்டாப் ஒண்ணு குடுங்க. கடல் மேப் ஏத்திக் குடுங்க. போட்டுல வெச்சிக்கிறோம்."

கேட்பதில் தப்பில்லை. வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டக் கடலுக்கென்றே செய்த சார்ட் பிளாட்டர் விலை அதிகம், திரையும் சிறியது. லேப்டாப்பில் ஓப்பன்சிபிஎன் என்ற மென்பொருளை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். 2009 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வரும் நல்ல மென்பொருள் அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஓடும். வீட்டில் உட்கார்ந்து வழியைப் போட்டுப் பார்க்கலாம், போன தடத்தைச் சேமிக்கலாம், கப்பல்கள் தங்கள் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏஐஎஸ் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் இருந்தால் சுற்றியுள்ள கப்பல்களையும் பார்க்கலாம். பெரிய கப்பல்களில் சட்டப்படி இருக்க வேண்டிய எக்டிஸுக்கு இது ஈடாகாது. ஆனால் விசைப்படகிலும் சின்னப் பாய்மரப் படகிலும் படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு இரண்டாவது கண்ணாக இருக்கத் தாராளமாகப் போதும்.

லேப்டாப் பாதி வழியில் அணைந்துபோவதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. அணைந்தால் உடனே தெரிந்துவிடும், திசைகாட்டியைப் பார்த்துக் கரைக்கு வந்துவிடலாம். திரை பளிச்சென்று எரிந்து, வரைபடம் அழகாகத் தெரிந்து, படகு இருக்கும் இடத்தை மட்டும் தப்பாகக் காட்டும்போதுதான் ஆபத்து. ஏனென்றால் அப்போது யாரும் சந்தேகப்படுவதில்லை.

1995 ஜூனில் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பலுக்கு இதுதான் நடந்தது. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே கணக்குப் போட்டு இடம் காட்ட ஆரம்பித்தது. திரையின் ஓரத்தில் சில சின்ன எழுத்துகள் மட்டும் அதைச் சொன்னன. முப்பது மணி நேரத்துக்கும் மேல் யாரும் கவனிக்கவில்லை. 17 மைல் விலகிப் போய், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுப் பக்கம் மணல்திட்டில் தட்டி நின்றது கப்பல். உள்ளே 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள், நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருந்த கப்பலிலேயே இப்படி என்றால், ராத்திரி வலை இழுத்துக் களைத்துப்போன ஒருவர் கேபின் ஓரத்தில் இருக்கும் லேப்டாப்பில் என்னத்தைக் கவனிப்பார்?

அதனால் லேப்டாப்பைத் தயார் செய்யும்போது, தப்பு நடந்தால் எப்படித் தெரிய வரும் என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும்.

முதலில் ஜிபிஎஸ். பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. வீட்டில் மேப்பைத் திறந்தால் நம் தெருவைக் காட்டுகிறதே என்பார்கள். அது சுற்றியுள்ள வைஃபையையும் இணைய முகவரியையும் வைத்துப் போடும் ஊகம். கடலில் வைஃபை ஏது? யூஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ் ரிசீவரைத் தனியாக வாங்க வேண்டும். திறந்த வானத்துக்குக் கீழே சில மீட்டர் துல்லியத்தில் இடம் தரும்.

செருகியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரிசீவர் அனுப்பும் தகவல் காம் போர்ட் என்ற எண் போட்ட ஒரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. நேற்று இடது பக்கத் துளையில் செருகி, இன்று வலது பக்கம் செருகினால் போர்ட் எண் மாறிவிடலாம். மென்பொருள் பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தத் துளை என்று பெயின்டால் குறி வைத்துவிடுங்கள். அடுத்தது விண்டோஸின் மின்சேமிப்பு. யூஎஸ்பி கருவி சும்மா இருப்பதாக நினைத்தால் அதை அணைத்துவிடும். விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் போய் அந்த அனுமதியை எடுத்துவிட வேண்டும். தூங்கப் போகும் நேரம், மூடியை மூடினால் என்ன செய்வது, தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவது, இவற்றையும் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு கூத்து உண்டு. ரிசீவரைச் செருகியபடியே லேப்டாப்பை ஆன் செய்தால், வரும் தகவலை விண்டோஸ் சில சமயம் பழைய காலத்து மவுஸ் என்று நினைத்துக்கொள்ளும். அம்புக்குறி திரை முழுக்கத் தாவும், தானாக எதையாவது கிளிக் செய்யும். வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்தவர்கள் உண்டு. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலுக்குள் சீரியல் பால்பாயிண்ட் என்று ஒன்று முளைத்திருக்கும். அதை நீக்காதீர்கள், மறுபடி வந்துவிடும். டிசேபிள் மட்டும் செய்யுங்கள்.

சரி, இடம் ஒழுங்காக வருகிறது. இனி நாம் கையால் தட்டும் எண்கள். நான் பார்த்தவரை அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். சேலம் ஏறத்தாழ வடக்கு 11 டிகிரி 39 நிமிடத்தில் இருக்கிறது. தசமத்தில் எழுதினால் அது 11.65 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதை மறந்து 11.39 என்று தட்டிவிட்டால், புள்ளி ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தெற்கே போய் ராசிபுரத்தையும் தாண்டி விழும். நிலத்தில் இருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். கடலில் அந்தப் புள்ளியும் நீலம், இந்தப் புள்ளியும் நீலம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தத் தூரமே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த கடல் எல்லையின் புள்ளிகள் டிகிரி, நிமிடக் கணக்கில் இருப்பவை. அவற்றைத் தசம டிகிரி என்று நினைத்து ஏற்றினால், சில இடங்களில் எல்லைக்கு உள்ளே இருப்பதாக லேப்டாப் சொல்லிக்கொண்டே இருக்கும், படகு வெளியே போய்க்கொண்டே இருக்கும். பிடிபட்ட பிறகு, மென்பொருள் அப்படித்தான் காட்டியது என்று யாரிடம் சொல்வது?

எல்லைக் கோட்டைப் போடுபவர்கள் அதற்குச் சில மைல் உள்ளே இன்னொரு கோட்டையும் போடுங்கள். ஓப்பன்சிபிஎன்னோடு வாட்ச்டாக் என்ற துணை மென்பொருளைச் சேர்த்தால், அந்த உள்கோட்டைத் தொடும்போதே அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். ஜிபிஎஸ் தகவல் நின்றாலும் சத்தம் கொடுக்கும்படி அதிலேயே வைக்கலாம். இந்த இரண்டு அலாரமும் இல்லாத லேப்டாப்பைப் படகில் ஏற்றாதீர்கள் என்று வருபவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அப்புறம் ஸ்பீக்கர் சத்தம். இன்ஜின் ஓடும்போது லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கர் காதில் விழவே விழாது. வெளியே ஒரு ஸ்பீக்கர் போட்டே ஆக வேண்டும்.

வரைபடத்துக்கு வருவோம். பென் டிரைவில் யாரோ கொடுத்த திருட்டு மேப்பை ஏற்றித் தரச் சொன்னால் நான் ஏற்றுவதில்லை. அதில் எந்த ஆண்டுக் கணக்கு இருக்கிறது, எந்தத் திருத்தம் விடுபட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அரசு வெளியிடும் மின்னணு வரைபடத்தை உரிமத்தோடு வாங்குவதுதான் சரி. அப்படி வாங்கியதையும் படிக்கத் தெரிய வேண்டும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அளந்தவர் அளக்காத பாறை அதில் வராது. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நம்பகமாக அளக்கப்பட்டது என்பதை வரைபடமே தரம் பிரித்துச் சொல்கிறது. ஏ1 என்றால் இடத்தில் 5 மீட்டர் பிசகலாம், பி என்றால் 50 மீட்டர், சி என்றால் 500 மீட்டர். ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியம் காட்டுகிறதே என்று சி தரப் பகுதியில் கடலடிப் பாறைத்திட்டான பாரை ஒட்டிப் போனால், படகின் இடம் சரியாக இருக்கும், பாரின் இடம் தப்பாக இருக்கும். பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்க ஜிபிஎஸ் வைத்திருப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கு. பழைய இந்திய வரைபடங்களில் எவரெஸ்ட் என்ற வேறு கணக்கு இருக்கலாம். இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும்.

பெரிதாக்கிப் பார்க்காததாலும் விபத்து நடந்திருக்கிறது. 2014 நவம்பரில் உலகம் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் இருந்த வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. தேர்ந்த மாலுமிகள்தான். திட்டு வரைபடத்தில் இருந்தது. ஆனால் சிறிதாக்கிப் பார்க்கும்போது அதன் அபாயம் தெளிவாகத் தெரியவில்லை. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள், படகு நொறுங்கியது. வழி போட்டு முடித்ததும், கோட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பெரிதாக்கிய நிலையிலேயே ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். சலிப்பான வேலைதான். கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

ஆழ எண்கள் பலருக்குக் குழப்பம். எங்கள் மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். மேட்டூர் அணையில் தண்ணீர் நிறைந்திருந்தால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் மூழ்கியிருக்கும், மேலே பரிசல் போகும். மட்டம் இறங்கினால் அதே நந்தி தலை காட்டும். அங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டால், எந்த மட்டத்திலிருந்து என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் சொல்ல முடியாது. கடல் வரைபடமும் ஓதம் நன்றாக வற்றிய ஒரு மட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆழத்தைச் சொல்கிறது. முகத்துவாரத்தில் மணல் வேறு ஒவ்வொரு பருவமும் இடம் மாறும். அங்கே ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரையும் ஊர்க்காரர் சொல்வதையும் நம்புங்கள், லேப்டாப்பை அல்ல.

மின்சாரம். 65 வாட் சார்ஜர் முழு வேகத்தில் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 6 ஆம்பியர் வரை போகும். வரைபடம் மட்டும் ஓடினால் அதில் பாதிகூட ஆகாது. இன்வெர்ட்டர் போட்டு 230 ஆக்கி மறுபடி 19 வோல்ட்டாக இறக்குவது வீண். நேரடி டிசி கன்வெர்ட்டர் போடுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மட்டும் மாட்டாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழும், லேப்டாப் தீர்த்த பிறகு இன்ஜினே கிளம்பாமலும் போகலாம். மலிவான கன்வெர்ட்டர் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். லேப்டாப்பின் ஸ்பீக்கரிலும் மூடியிலும் காந்தம் இருக்கிறது, திசைகாட்டி பக்கத்தில் வைத்தால் முள் விலகும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள். உப்புக்காற்றுக்கு முழுமையான மருந்து இல்லை, ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் நேராகக் கடலுக்கு வேண்டாம். எங்களிடம் வாங்குபவர்களை ஏற்காட்டுக்கு அனுப்புகிறேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் ஒருவர் லேப்டாப்பை வைத்துக்கொள்ளட்டும். வைஃபை, போன் இணைப்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். சாலை அந்தத் திரையில் இருக்காது, தடம் மட்டும் விழும். வளைவில் வண்டி திரும்பிய பிறகுதான் திரையில் அம்பு திரும்புவதையும், பாறைச் சுவரும் மரங்களும் வானத்தை மறைக்கும் இடத்தில் தடம் சாலையை விட்டு விலகுவதையும் கண்ணால் பார்த்துவிடலாம். நடுவில் ஒருமுறை ரிசீவரைப் பிடுங்குங்கள். படகுப் படம் சாம்பல் நிறமாகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செருகி, தானாக மீண்டு வருகிறதா என்றும் பாருங்கள்.

மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். அம்பு நாலு பக்கமும் சுற்றும். ஜிபிஎஸ்ஸுக்கு நகரும் திசை மட்டும்தான் தெரியும், முகப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. நங்கூரம் போட்டு நிற்கும்போதும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்து தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்துப் போனில் திறந்தால், சாலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது தெரிந்துவிடும்.

லேப்டாப் கேட்டு வருபவர்கள் மூன்று விஷயத்தைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு உதவியாக இருக்கும். படகில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, கேபினில் திசைகாட்டி எங்கே இருக்கிறது, எக்கோ சவுண்டரிலோ பழைய ஜிபிஎஸ்ஸிலோ தகவல் வெளியே எடுக்கும் ஒயர் உண்டா. கையடக்க ஜிபிஎஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதை விற்றுவிட்டு வராதீர்கள். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், லேப்டாப்பில் இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் அதிலும் ஏற்றித் தருகிறேன்.