அமரில்லிஸ்: பூ முடிந்த பிறகுதான் வளர்ப்பு தொடங்குகிறது

ஐரோப்பியக் கடைகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் மெழுகில் முக்கியெடுத்த அமரில்லிஸ் கிழங்குகள் விற்பனைக்கு வரும். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மேசைமேல் வைத்தால் சில வாரங்களில் தண்டு நீண்டு, உள்ளங்கையைவிடப் பெரிய பூக்கள் விரியும். வேரை நறுக்கிவிட்ட கிழங்கால் இது முடிகிறதென்றால், பூ ஏற்கெனவே உள்ளே உருவாகி இருக்கிறது. அது விரியத் தேவையான மாவுச்சத்தும் நீரும்கூட உள்ளேயே இருக்கின்றன.

நம் வீடுகளில் கோடையை ஒட்டிச் சிவப்பாகப் பூக்கும் தொட்டி லில்லியும் இந்த இனம்தான். நர்சரியில் அமரில்லிஸ் என்று கேட்டால் தருவார்கள், தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம். இதை வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "வாங்கின வருஷம் பூத்தது, அப்புறம் வெறும் இலைதான்." அதற்கான விடை கிழங்குக்குள் இருக்கிறது.

முற்றிய கிழங்கு ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் வெங்காயத்தைப் பிளந்த மாதிரியே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். கீழே கெட்டியான ஒரு தட்டு. அதுதான் உண்மையான தண்டு, வேர்கள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. தட்டின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள் எல்லாம் இலைகளின் அடிப்பகுதிகள். மேலே இலை காய்ந்து உதிர்ந்தாலும் அதன் அடிப்பகுதி இங்கேயே தங்கிச் சேமிப்புக் கிடங்காகிவிடுகிறது. வெட்டிய பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும். அவ்வளவும் மாவுச்சத்து.

இனி நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள். இந்தச் செடி ஒரு கணக்கு வைத்து வளர்கிறது. வளர்நுனி பொதுவாக நான்கு இலைகளை உண்டாக்கும், பிறகு ஒரு பூமொட்டுடன் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பக்கத்தில் புதிய நுனி பிறந்து, மறுபடி நான்கு இலை, ஒரு மொட்டு. அதனால் செதில்களுக்கு நடுவே வெவ்வேறு வயது மொட்டுகள் வரிசையாக இருக்கும்: வெளியே வரப்போகும் பெரிய மொட்டு, அதற்கும் உள்ளே சிறியது, அதனினும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத புள்ளி. ஒரு மொட்டு உருவாகி வெளியே தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இந்த ஏப்ரலில் நீங்கள் ரசிக்கும் பூ போன கோடையிலேயே உருவானது.

சில கிழங்குகளில் செதில்களுக்கு இடையே மெல்லிய பழுப்புச் சருகு ஒட்டியிருக்கும். அது வளர்ச்சி பாதியில் நின்று செத்துப்போன மொட்டு. சேமிப்பு குறைந்தால் கிழங்கு தன் மொட்டைக் கைவிட்டுவிடும். ஆனால் இலை விடுவதை நிறுத்தாது. "வெறும் இலைதான்" என்பதன் உட்கதை பெரும்பாலும் இதுதான். கிழங்கு மிகச் சிறியதாக இருந்தாலும் பூக்காது. ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். பெரிய பூ ரகங்களில் சுற்றளவு சுமார் 20 செ.மீ. ஆனால் பூவை எதிர்பார்க்கலாம்.

ஆகவே உண்மையான பராமரிப்பு பூ வாடிய அன்று தொடங்குகிறது. பலர் அப்போதுதான் தொட்டியை மூலையில் தள்ளுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள். விதைக்காய் பிடித்தால் சேமிப்பு அங்கே போய்விடும். பச்சைத் தண்டையும் இலைகளையும் வெட்ட வேண்டாம், அவைதான் உணவு தயாரிக்கின்றன. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படட்டும். மாதம் ஒருமுறை மண்புழு உரமும், கொஞ்சம் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) போதும். தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும்.

நடும்போது கிழங்கின் மேல் பாதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுதும் புதைத்தால் கழுத்தில் நீர் தேங்கி அழுகும், நம் வடகிழக்குப் பருவமழையில் இது சீக்கிரமே நடக்கும். செம்மண், மணல், மக்கிய உரம் கலந்த கலவை நல்லது. தேங்காய் நார்த்தூள் மட்டும் என்றால் ஈரம் வடியாது.

அப்புறம் ஓய்வு. இதன் காட்டு இனங்கள் தென் அமெரிக்காவின் பிரேசில், பெரு, பொலிவியா பகுதிகளைச் சேர்ந்தவை. அவற்றில் பல மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வரும் இடங்களில் வளர்பவை. தூலிப் பூவுக்குப் பல வாரக் குளிர் கட்டாயம், அதனால்தான் அது ஸ்ரீநகரில் செழிக்கிறது, சென்னையில் நிலைப்பதில்லை. அமரில்லிஸுக்கு அந்த நிபந்தனை கிடையாது. மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரியில் ஆறேழு வாரம் தண்ணீரை நிறுத்தினால் போதும். இலை வளர்ச்சி அடங்கிவிடும். மறுபடி நீர் கிடைத்து வெப்பமும் ஏறும்போது தயாராக இருக்கும் மொட்டு எழும்பும்.

இரண்டு எச்சரிக்கைகள். கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில், சமையலறையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுத்தது, கறுப்பு உடலில் வெளிர் புள்ளிகள் கொண்ட லில்லிப் புழு. குஞ்சுப் புழுக்கள் இலைக்குள்ளேயே குடைந்து தின்பதால், இலையில் கண்ணாடி போல வெளிறிய திட்டுகள்தான் முதலில் தெரியும். அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எறிந்துவிடுங்கள். விட்டுவிட்டால் இரண்டே இரவில் இலை முழுதும் போய், அடுத்த வருட மொட்டும் பட்டினி கிடக்கும்.