ஆனைக்கொம்பன் ஈ: கொம்பு தெரியும்போது புழுவின் வேலை முடிந்திருக்கும்

நட்டு ஒரு மாதமான நெல் வயலில், பச்சைத் தூர்களுக்கு (நெற்செடியின் அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளுக்கு) நடுவே வெங்காயத் தாள் போல வெளிறிப் பளபளக்கும் குழல் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். இலை விரிந்திருக்காது. நுனியில் மட்டும் இலையின் மிச்சம் துளி ஒட்டியிருக்கும். யானைத் தந்தம் போல இருப்பதால் அதற்கு ஆனைக்கொம்பு என்று பெயர். அந்தத் தூரில் இனிக் கதிர் வராது.

இதைச் செய்வது கொசு அளவே உள்ள ஓர் ஈ. 1889-இல் விலங்கியலாளர் வுட்-மேசன் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் ஆர்சியோலியா ஒரைசே. பெண் ஈயின் வயிறு தடித்து, செக்கச்செவேலென்று இருக்கும். பகலில் தூரடியில் பதுங்கியிருந்து இரவில் பறக்கும். விளக்கைத் தேடி வரும். ஆயுள் சில நாட்கள்தான். அதற்குள் இலைகளிலும் இலையுறையின் ஓரங்களிலும் நூறு, இருநூறு முட்டைகள் இட்டுவிடும்.

மூன்று, நான்கு நாளில் முட்டை பொரியும். வெளிவரும் புழு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதற்கு இலையைக் கடித்துத் துளைக்கும் வலுவில்லை. இலையுறைகளின் இடுக்கில் நழுவி, தூரின் அடியில் ஒளிந்திருக்கும் வளர்முனையைச் சேர வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஈரம் கட்டாயம்: இலைமேல் மெல்லிய நீர்ப்படலம் இல்லாவிட்டால் புழு வழியிலேயே காய்ந்து சாகும். மப்பும் மந்தாரமுமாக, தூறல் விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் இந்த ஈ பெருகுவதற்குக் காரணம் இதுதான்.

வளர்முனையை அடைந்த புழு அங்கே அமர்ந்து சாறு உறிஞ்சும். அதன் உமிழ்நீர் பட்டதும் செடியின் கட்டளையே மாறிவிடுகிறது. அடுத்த இலைகளை உருவாக்க வேண்டிய முனை அடங்கிப்போகும். சுற்றியுள்ள இளந்திசு புழுவை மூடி வளர்ந்து முட்டை வடிவ அறையாகும். புழு இரண்டு வாரத்துக்கு மேல் அதற்குள்ளேயே தின்று வளரும். வெளியே குத்து (ஓரிடத்தில் நட்ட நாற்றின் தூர்க்கூட்டம்) சற்றுக் குட்டையாக, கூடுதல் தூர்களோடு தெரியலாம்; அவ்வளவுதான்.

புழு கூட்டுப்புழுவாகும் சமயத்தில்தான் இலையுறை விறுவிறுவென்று நீண்டு கொம்பாகிறது. 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு கொம்பைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புக் கூட்டுப்புழு இருக்கும். வயிற்றிலுள்ள முட்களை ஊன்றி நெளிந்து மேலேறி, நுனியருகே ஓட்டை போட்டுப் பாதி உடலை வெளியே நீட்டும். ஈ பறந்தபின் அதன் வெற்றுத்தோல் அந்த ஓட்டையிலேயே தொங்கும். தோல் தொங்கும் கொம்புக்கு மருந்தடிப்பது வீண் செலவு, காலியான வீட்டுக்குப் பூட்டுப் போடுவது போல.

தண்டுத் துளைப்பான் என்ற இன்னொரு பூச்சியின் புழு உண்டாக்கும் குருத்துக் காய்தலோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. காய்ந்த குருத்தை இழுத்தால் கையோடு வரும், அடி கடிபட்டிருக்கும். ஆனைக்கொம்பு காய்ந்திருக்காது, உள்ளே கூடாக இருக்கும்.

சேதத்தை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். வயலில் பரவலாகப் பத்துக் குத்துகளில் 120 தூர்கள் இருந்து, 12 கொம்பாகியிருந்தால் பத்து விழுக்காடு. அதுதான் பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்துக்குச் செலவழிக்கத் தகுந்த அளவு. கதிர் உருவாகத் தொடங்கிய தூரில் கொம்பு வராது என்பதால் ஆபத்து தூர்கட்டும் பருவத்தோடு முடிந்துவிடும். பிந்தி நட்ட வயல் அதிகம் அடிபடுவதும் இதனால்தான்: அக்கம்பக்கத்தில் முந்தி நட்டவற்றில் பெருகிய ஈக்களெல்லாம் அங்குள்ள இளந்தூர்களைத் தேடி வரும். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டினாலும் இளந்தூர் பெருகும், பிரித்துப் போடுங்கள். அறுவடை முடிந்ததும் உழுதுவிட்டால் அடித்தாளிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பில் ஈ தங்காது.

மதுரை 3 போன்ற எதிர்ப்புள்ள ரகங்களில் புழு வளர்முனைவரை போய்ச் சில நாளில் செத்துவிடும். ஆனால் எதிர்ப்பு நிரந்தரமல்ல. ஆந்திரத்தில் பரவலாகப் பயிரான பல்குணா ரகத்தின் எதிர்ப்பை 1980-களில் இந்த ஈயின் புதிய உயிர்வகை (அந்த எதிர்ப்பைத் தாங்கி வாழும் பிரிவு) ஒன்று உடைத்தது. ஒரே எதிர்ப்பு மரபணுவை மட்டும் நம்பிப் பரப்பளவு முழுக்க நடுவது ஈக்கு நாமே வழி விடுவதுதான்.

நம் பக்கம் நிற்கும் பூச்சி பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற கருநிறக் குளவி, எறும்பைவிடச் சிறியது. ஆனைக்கொம்பனின் முட்டையிலேயே தன் முட்டையைச் செலுத்திவிடும். புழு வளர வளர உள்ளே குளவிக் குஞ்சுகள் பல பெருகி அதைத் தின்று தீர்க்கும். நட்ட பத்தாம் நாள், பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம், ஒட்டுண்ணி தாக்கிய கொம்புகளை வயலில் வைக்கப் பரிந்துரைக்கிறார்கள். வைக்குமுன் சிலவற்றைக் கீறிப் பார்த்துவிட வேண்டும். புழுத்தோலுக்குள் பொடிக்கூடுகள் நெருக்கியடித்துக் கிடந்தால் குளவி. ஒற்றைச் சிவப்புக் கூட்டுப்புழு இருந்தால் ஈ. பார்க்காமல் வைத்தால் ஈயையே நட்டுவிட்டு வருவோம்.