ஜீவனாம்சம்: பிள்ளைக்கு உரிய பங்கின் பெயர்

ஜீவனம் என்றால் பிழைப்பு. அம்சம் என்றால் பங்கு. இந்த இரண்டு வடசொற்களும் சேர்ந்த ஜீவனாம்சம், ஒருவருடைய பிழைப்புக்கென ஒதுக்கிய பங்கைக் குறிக்கும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து கைம்பெண்ணுக்கு ஆயுள்வரை அனுபவிக்க விட்ட நிலத்தையும், ஜமீன் குடும்பங்களில் பட்டத்துக்கு வராத இளையவர்களுக்குக் கொடுத்த வருவாயையும் முன்பு இச்சொல்லால் சுட்டினர். கொடுப்பவரின் இரக்கத்தைவிட, பெறுபவருக்குச் சொத்தில் இருந்த உரிமையே அந்தப் பெயரில் தெரிகிறது.

இன்றைய வழக்கிலோ, பிரிந்த மனைவிக்குக் கணவன் தரும் பணம் என்று இச்சொல் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தில் கண்மறைவது பிள்ளையின் உரிமை என்பதே என் கவலை. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ள விதியின்படி, தக்க காரணமின்றிக் கணவனுடன் வாழ மறுக்கும் மனைவியின் கோரிக்கை தள்ளுபடியாகலாம். பிள்ளையின் கோரிக்கைக்கு அந்தத் தடை கிடையாது. பெற்றோர் முறைப்படி மணந்தவர்களா என்பதும் அதைப் பாதிக்காது. 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று தாய் எழுதிக்கொடுத்துவிட்டு விலகினாலும், தன்னுடையது அல்லாத ஒன்றை அவர் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளையின் ஜீவனாம்சத்தில் அடக்குவதோடு, பொறுப்பைத் தந்தை, தாய் இருவர்மீதும் வைக்கிறது. பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை இது செல்லும். தன்னைத் தானே பேணிக்கொள்ள இயலாத மணமாகாத மகளுக்கு அதன் பிறகும் உண்டு. 125ஆம் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், மனு செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கொடுக்கத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி கழியாது. ஆனால் நிலுவையை வசூலிக்க, அது சேர்ந்த ஓராண்டுக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும். பல தாய்மார் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

இனி, ஜீவனாம்சத்துக்கு இணையான தமிழ்ச்சொல். 'பராமரிப்புத் தொகை' தமிழ்நாட்டில் பரவலாக வழங்கினாலும், மின்தூக்கிக்கும் சாலைக்கும் அதே பராமரிப்புதான். 'பிழைப்பூதியம்' பணியிடை நீக்கத்தில் இருக்கும் ஊழியருக்குத் தருவது என்று அரசு வழக்கில் நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர் 'தாபரிப்பு' என்பார்கள். 1999இன் 37ஆம் இலக்கச் சட்டம் அங்கே தாபரிப்புச் சட்டம் என்றே அறியப்படுகிறது. வேறு எதனுடனும் குழம்பாத நல்ல சொல் அது. நம் பக்கம் வழங்காதது குறையே.

இவற்றுக்கு மிக முந்தையது, பேணி வளர்த்தல் என்ற பொருளுடைய 'புறந்தருதல்'. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டு, பிள்ளையை ஈன்று புறந்தருவதைத் தாயின் கடன் என்கிறது. சான்றோன் ஆக்குவதைத் தந்தைக்கு வைக்கிறது. இன்றைய சட்டம் அந்தப் பிரிவினையை விட்டு இரண்டையும் இருவருக்கும் பொதுவாக்கிவிட்டது. எனினும் கடமைக்கும் திருப்பித் தரவேண்டிய பணத்துக்கும் தமிழில் 'கடன்' ஒன்றே சொல்லாக இருப்பது இந்தப் பொருளுக்கு மிகப் பொருந்துகிறது. புறந்தருதல் பேச்சில் மீளாது என்பதால், அதே பொருளுடைய பேணுதலைக் கொண்டு 'பிள்ளைப் பேணுதொகை' என்று சொல்லலாம் என்பது என் துணிபு. மனு எழுதும்போது தாய்க்கும் பிள்ளைக்குமாக ஒரே ஜீவனாம்சத் தொகையைக் கேட்காமல், பிள்ளைக்குரியதை இந்தப் பெயரிலோ வேறொரு பெயரிலோ தனி வரியில், பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் சேர்த்த தனிக் கணக்காகக் கேட்பது நல்லது.